கடல்கோளும் நாகையும் சிங்கையும்

கடல்கோள் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. முற்சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்டதாக இறையனார் களவியலுரை கூறுகின்றது. இவற்றை எடுத்தோதி மொழியின் தொன்மையை நிலைநாட்டாத மேடை நம்மிடையே அரிது. அதனைக் கேட்டவுடன் அவையோர் கைதட்டுவதும் வழக்கம். ஆயினும், அக்கடல் எவ்வாறு எழுந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது, வருமுன் யாது குறி காட்டியது, தப்பியவர் எங்ஙனம் தப்பினர் என்று கேட்டவர் நம்முள் மிகச் சிலரே. பழம்பெருமை பேசுவதற்குக் கடல்கோள் நமக்குப் பயன்பட்டது, பிழைத்திருப்பதற்குப் பயன்படவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கேள்விகள் அனைத்துக்கும் ஒரே தடவையில் விடை வந்தது. அவ்விடைக்கு விலையாகத் தமிழ்நாட்டுக் கரையில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. அவற்றுள் 6,000க்கு மேற்பட்டவை அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் போனவை. இலங்கையில் 30,000க்கு மேல். இந்தோனேசியாவில் 1,60,000க்கு மேல். இந்துமாக்கடலைச் சூழ்ந்த நாடுகள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 2,30,000. கணக்கெழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட என் போன்றார்க்கு எண்கள் அச்சம் தருவனவல்ல. ஆனால், ஓர் எண்ணுக்கு எதிரே ஒரு பெயர் இருக்கவேண்டும் என்பது கணக்கின் முதல் விதி. அந்த விதி அன்று நாகைக் கரையில் நிறைவேறவில்லை. அடையாளம் காண்பதற்கும் அவகாசமின்றி, பெரும் குழிகளில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டவர் பலர்.

இவ்வரலாற்றைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு நோக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. நில நடுக்கம் தொடங்கிய இடம் சுமத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கடலடி. அவ்விடத்துக்கும் சிங்கைக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அவ்விடத்துக்கும் நாகைக்கும் உள்ள தூரம் அதனினும் இருமடங்கு. அருகிலிருந்த நகரம் சேதமின்றித் தப்பியது. தொலைவிலிருந்த நகரம் அழிந்தது. இது எங்ஙனம் நேர்ந்தது என்பதையும், தப்பியவர்க்கு அதனால் ஏற்படும் கடமை யாது என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெலுக் ஆயரும் நாகூரும்

முதலில் நாகைக்கும் நமக்கும் உள்ள உறவை நினைவுகூர்தல் நலம். ஆங்கில வழியிற் பயின்ற எம்மனோர் பலருக்கு லிவர்பூல் துறைமுகம் தெரிந்த அளவு நாகப்பட்டினம் தெரியாது. ஆனால், நமது முன்னோரில் பெரும்பகுதியார் கப்பலேறிய துறை அதுவே. தோட்டத் தொழிலுக்குக் கங்காணிமார் திரட்டிய ஆட்கள் சென்னை ஆவடியிலும் நாகையிலும் இருந்த கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டு, அங்கிருந்தே பினாங்குக்கும் சிங்கைக்கும் அனுப்பப்பட்டனர். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் நீராவிக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கை என்னும் வழியில் அரை நூற்றாண்டுக் காலம் போக்குவரவு செய்தது. அக்கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே எண்ணிறந்தோர் உளர்.

அதற்கும் முன்னே செல்வோமானால், தெலுக் ஆயர் வீதியில் உள்ள நாகூர் தர்கா நம் கண்முன் நிற்கின்றது. 1828க்கும் 1830க்கும் இடையே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது அவர்களின் நினைவாக அதனை எழுப்பினர். அக்காலத்தில் கடலலை அவ்வீதியின் ஓரத்திலேயே வந்து மோதியது. பின்னர்க் கடல் தூர்க்கப்பட்டு, இன்று வானளாவிய மாளிகைகள் கரையை மறைத்து நிற்கின்றன. அதே வீதியில் சீனர் கடல் தெய்வத்துக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலும் இருக்கின்றது. இரண்டும் எழுந்த காரணம் ஒன்றே: கடலைக் கடந்து உயிரோடு கரையேறிய மக்களின் நன்றி. கடல் வழி தருவது மட்டுமன்றி உயிரையும் கொள்ளும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்னும் பின்னோக்கினால், இராசராசன் காலத்தில் சீர்விசய அரசன் நாகையிற் சூடாமணி விகாரத்தை எடுப்பித்தான். 1025இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தின்மேற் சென்றது. 1088இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழாம், சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ் என்னும் இடத்தில் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தது. நேயர்கள் இவ்விடத்தைச் சிறிது கவனிக்கவேண்டும். 2004இல் எந்தக் கடலடி பிளந்ததோ, அக்கடலை நோக்கிய கரையிலேதான் நமது வணிகர் ஆயிரம் ஆண்டுகட்கு முன் கற்பூரம் வாங்கிக் குடியிருந்தனர். ஆகையால் இப்பேரிடரை அயலார் நாட்டுச் செய்தியாகக் கருத நமக்கு உரிமை இல்லை. அது தொடங்கிய கரையும் நாம் அறிந்த கரை. அது முடிந்த கரையும் நாம் பிறந்த கரை.

நிலம் அசைந்த விதம்

பூமியின் மேலோடு ஒரே பாறையன்று; பல பெரும் தட்டுகளாகப் பிரிந்து கிடப்பது. இந்துமாக்கடலின் அடியிலுள்ள தட்டு, சுமத்திராவைத் தாங்கும் தட்டின்கீழ் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டே இருக்கின்றது. நுழையும் இடத்தில் இரண்டும் பற்றிக்கொள்கின்றன. மேல்தட்டின் விளிம்பு பல நூற்றாண்டுகள் வளைந்து கொடுக்கின்றது. பின்னர் ஒரு நாள் பிடி விட்டு, வளைத்த மூங்கில் நிமிர்வதுபோல் நிமிர்கின்றது. அன்று காலை, சிங்கைக் கடிகாரத்தில் 8 மணி 59 நிமிடம் ஆகும் வேளையில், அங்ஙனம் நிமிர்ந்த பிளவின் நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். சுமத்திராவில் தொடங்கி நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை அது கிழிந்து சென்றது. நடுக்கத்தின் அளவு 9.1 என்றும் அதற்கு மேலென்றும் அறிஞர் கணக்கிட்டனர்.

கடலடி சில மீட்டர் உயர்ந்தால் அதன்மேலுள்ள நீர் முழுவதும் உயர்கின்றது. ஆழ்கடலில் அவ்வலை விமானத்தின் வேகத்திற் செல்லும்; ஆயினும் உயரம் குறைவாதலால், மேலே மிதக்கும் படகுக்காரர் அதனை உணர்வதில்லை. கரையை அணுகி ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் மிகுகின்றது. அச்சே மாநிலத்தின் மேற்குக் கரையில் நீர் 30 மீட்டருக்கு மேலும் ஏறியது. பிளவு வடக்குத் தெற்காக நீண்டு கிடந்தமையால், அலையின் பெருவலி கிழக்கும் மேற்குமாகப் பாய்ந்தது. மேற்கே நேர் எதிரில் இருந்தவை இலங்கையின் கீழைக்கரையும் சோழமண்டலக் கரையுமே.

சிங்கை தப்பியதற்குக் காரணமும் இதில் அடங்கியிருக்கின்றது. நமக்கும் அப்பிளவுக்கும் இடையே சுமத்திரா என்னும் பெருந்தீவு மதிலாகக் கிடக்கின்றது. மலாக்கா நீரிணையின் வடவாயில் வழியாகச் சுற்றி நுழைந்த அலை பினாங்கிலும் கெடாவிலும் கரையேறியது. ஞாயிறாதலின் கடற்கரையில் விளையாடச் சென்றிருந்தோர் உட்பட மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அப்பால் நீரிணை ஒடுங்கி ஆழம் குறைவதால் அலை வலியிழந்தது. சிங்கையில் உயர்மாடி வீடுகள் சிலவற்றில் அசைவு உணரப்பட்டது, அவ்வளவே. எனவே, நாம் தப்பியது நமது புண்ணியத்தாலன்று, திறமையாலுமன்று, நில அமைப்பினால். இதனை நினைவிற் கொண்டால் பின்னர்ச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இரண்டு மணி நேரம்

அச்சேயின் பண்டா அச்சே நகருக்கு அலை வந்து சேர ஏறத்தாழ கால்மணி நேரமே ஆயிற்று. நாகைக்கு அது வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. நிலம் நடுங்கியபோது தமிழ்நாட்டில் காலை 6 மணி 29 நிமிடம். கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருப்பர். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர் கடலாடச் சென்றுகொண்டிருந்தனர். கடலூரிலும் நாகையிலும் மீனவப் பெண்கள், படகு வரும் நேரத்தை எதிர்பார்த்துக் கூடைகளுடன் கரையில் நின்றனர். சென்னையில் மெரினாவில் உலாவப் போனவர் பலர். இவர்கள் அனைவருக்கும் இரண்டு மணி நேரம் இருந்தது. இருந்ததென்பது மட்டும் தெரியவில்லை.

தெரிவிக்கக்கூடிய கருவிகள் உலகில் இல்லாமற் போகவில்லை. 1946இல் அலாஸ்காவுக்கு அருகே எழுந்த அலை ஹவாய்த் தீவைத் தாக்கியதன்பின், பசிபிக் மாக்கடலுக்கென 1949இலேயே எச்சரிக்கை நிலையம் ஒன்று ஏற்பட்டது. 2004இல் அந்நிலையம் கால்மணி நேரத்துக்குள் நடுக்கத்தைக் கண்டுகொண்டது. ஆனால் அதன் அளவை முதலில் 8 என்றே மதிப்பிட்டது. பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்றும் அறிவித்தது. இந்துமாக்கடற் கரையில் செய்தி பெறுதற்கென ஏற்பட்ட ஆளும் இல்லை, வழியும் இல்லை. அருகிலேயே மற்றொரு வாயிலும் திறந்திருந்தது. அலை கார் நிக்கோபாரிலுள்ள இந்திய விமானப்படைத் தளத்தை முதலில் அழித்தது. தீவு மூழ்குகின்றது, எங்கும் நீர் என்னும் செய்தி அங்கிருந்து சென்னைத் தளத்துக்குக் காலை 8 மணிக்கு முன்னரே வந்து சேர்ந்தது. நாகைக் கரைக்கு அச்செய்தி போகவில்லை, அலை போயிற்று.

இன்னொன்றும் சொல்லத்தக்கது. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபாரின் அருகே ஒரு பெரு நடுக்கம் ஏற்பட்டது. அதனாலெழுந்த அலை சிறியது, சேதம் செய்யவில்லை. ஆனால் நாகப்பட்டினம், சென்னை முதலிய துறைகளில் வைத்திருந்த அலையளவைக் கருவிகள் அதனைத் தாளிலே வரைந்துவைத்தன. அந்தமான் கடலடி அசைந்தால் நாகைக்கு அலை வரும் என்று கடலே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த ஓலை அது. ஓலை பத்திரமாக இருந்தது. அறிஞர் சிலர் அதனை எடுத்து ஆராய்ந்து 2003இல் கட்டுரையும் வெளியிட்டனர். குப்பத்து மக்களுக்கு அதனைப் படித்துச் சொல்வார்தான் இல்லை. காரியாலயங்களின் இயல்பை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. கோப்பிற் சேர்ந்த தாள் ஊருக்குள் வருவது அரிது.

ஒரு தீவும் ஒரு கிராமமும்

அன்று நிகழ்ந்தவற்றுள் இரண்டு செய்திகளை நாம் ஒருங்கே வைத்து நோக்கவேண்டும்.

நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகிலிருந்தது சிமலூ என்னும் சிறு தீவு. அங்கு வாழ்ந்தவர் ஏறத்தாழ 78,000 பேர். அலை அவர்களைச் சில நிமிடங்களில் அடைந்தது. மாண்டவர் எழுவரே. இஃது எவ்வாறு இயன்றது? 1907இல் அத்தீவை ஓர் அலை அழித்திருந்தது. அதிலிருந்து தப்பியவர்கள் 'ஸ்மோங்' என்னும் சொல்லைத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றனர். நிலம் பெரிதாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் ஸ்மோங் வரும். எதையும் எடுக்க நில்லாது மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள். பாட்டாகவும் தாலாட்டாகவும் கதையாகவும் அதனை மூன்று தலைமுறை பாட்டிமார் சொல்லிவந்தனர். தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில் 10 வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, சின்னாட்களுக்கு முன் பூகோளப் பாடத்திற் கற்ற குறியை அடையாளங் கண்டு பெற்றோரிடம் கூற, அங்கிருந்தோர் தப்பினர். ஒருவருக்குப் பாட்டி; மற்றவருக்குப் பள்ளி. கற்பித்தவர் யாராயினும் கற்ற பாடம் ஒன்றே.

நம்மிடமோ கடல்கோள் என்னும் சொல் இருந்தது. அதனோடு சேர்ந்து வரவேண்டிய கட்டளை இல்லை. கடல் கொண்டது என்று சொன்னோம். கடல் வந்தால் ஓடு என்று சொல்லவில்லை. பல இடங்களில் ஓரலைக்கும் மற்றோரலைக்கும் இடையே கடல் வற்றியபோது வேடிக்கை பார்க்க இறங்கியவர் உண்டு. சிமலூத் தீவினர் தம் கடல்கோளைப் பெருமைக்கு வைத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் காதில் ஓதினர்.

ஆயினும் நியாயம் கூறவேண்டும். நாகைக்குச் சிமலூவின் பாட்டு மட்டும் போதியதாகாது. சிமலூவில் நிலமே எச்சரித்தது. நாகையிலோ நடுக்கம் பலராலும் உணரப்படாத அளவு மெலிந்திருந்தது. தொலைவுக் கரைக்கு நினைவோடு தூதும் வேண்டும். அத்தூதுக்கு ஒரு சான்றும் அன்றே கிடைத்தது. அது சிங்கையிலிருந்து சென்ற தூது.

புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்பது ஒரு மீனவர் கிராமம். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துவந்தார். சுமத்திராவில் நடுக்கமும் அலையும் எழுந்த செய்தியைச் சிங்கையிற் கேட்டவுடன் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டாரோ கடல் நீர் ஊருக்குள் வருகின்றதென்றனர். உடனே ஊரை விட்டு வெளியேறுமாறும் பிறருக்கும் அறிவிக்குமாறும் அவர் கூறினார். அவ்வூரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. மீனவருக்குக் கடல்நிலையை ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் நாட்பணி. ஞாயிறாதலின் பூட்டியிருந்த கதவை ஊரார் உடைத்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை முழங்கினர். ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஆனால் அவ்வூரின் 3,000க்கு மேற்பட்ட மக்களுள் ஒருவரும் மாளவில்லை.

இங்கே மூன்று பொருள்கள் ஒன்று கூடின என்பதைக் காண்க. அறிந்தவன் ஒருவன் சொன்னான். கேட்டவர் அவன் சொல்லை நம்பினர். ஊரனைவருக்கும் கூறும் கருவி முன்னரே ஊரில் இருந்தது. மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் மற்ற இரண்டும் வீணாகியிருக்கும். இச்செயலுக்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை. ஓர் அழைப்புக்கு ஆகும் சில காசுகளே செலவு.

பாவமும் பூகம்பமும்

இத்தகைய பேரிடர் நேரும்போதெல்லாம் அதனைப் பாவத்தின் தண்டனை என்று கூறுவோர் எல்லாச் சமயத்திலும் எழுகின்றனர். 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. அப்பொழுது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியிற் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே அது என்றார். தீண்டாமையை வெறுப்பதில் காந்தியடிகளுக்குப் பிற்படாத இரவீந்திரநாத் தாகூர் அதனை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு ஒழுக்கக் காரணம் கற்பித்தல் பகுத்தறிவுக்கு ஒவ்வாது. ஜனங்களிடையே உள்ள அறியாமையை அது வளர்க்கும் என்று வெளிப்படையாக மறுத்தெழுதினார்.

நோக்கம் உயர்ந்ததாயினும் காரணம் தவறாயின் விளைவும் தவறாகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தண்டனை என்று நம்புகிறவன் பிரார்த்தனை செய்து அமைவான். கடலடித் தட்டு என்று அறிந்தவன் கருவி வைப்பான். 2004இல் அலை வேளாங்கண்ணி யாத்திரிகரையும் நாகூர் மக்களையும் கடற்கரைக் கோயிலூர்களையும் ஒருங்கே தாக்கிற்று. எவரிடத்தும் மதம் கேட்கவில்லை. கரையில் நின்ற குழந்தை யாது பாவம் செய்தது என்னும் கேள்விக்கு விடை கூற வல்லார் யார்?

தாகூர் கூறியதே சரி. ஆயினும் சாதி அங்கே தலைகாட்டாமற் போகவில்லை. அலையைச் சாதி கொண்டுவரவில்லை; அலைக்குப்பின் சாதி வந்தது. நாகைப் பகுதியின் நிவாரணக் கூடாரங்களில் ஆதிதிராவிட மக்கள் தனியே ஒதுக்கப்பட்டதையும், குடிநீரும் உணவும் பெறுவதிற் பின்தள்ளப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் நேரிற் கண்டு பதிவு செய்தன. ஓருடையும் மிஞ்சாது ஒரே சேற்றிற் கிடந்த மனிதர், ஒரே குழாயில் நீர் பிடிக்க மறுத்தனர் என்றால், எந்தப் பேரலையும் கழுவாத அழுக்கு ஒன்று நம்மிடம் உளதென்பது தெளிவு.

பேரேட்டில் ஏறாதவர்

நஷ்டக் கணக்கிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. படகு இழந்தவனுக்குப் படகு. வலை இழந்தவனுக்கு வலை. நிலத்தில் உப்பேறியவனுக்கு நில நிவாரணம். ஆனால் பிறர் படகில் கூலிக்குப் போனவன், பிறர் வயலில் நடவு நட்டவள், தலைச்சுமையாக மீன் விற்றவள் ஆகியோர் இழந்தது யாது? அவர்கள் பெயரில் ஒரு சொத்தும் இல்லாமையால், இழந்ததாகக் காட்ட ஒன்றும் இல்லை. வயலில் உப்பேறியதால் பல மாதங்கள் வேலையின்றி நின்ற கூலியாளுக்கு அவ்வயலின் ஒரு சென்டும் சொந்தமன்று. தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் கேட்டிருக்கும் நேயர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. மரம் விழுந்தால் துரைக்கு நஷ்டம் என்று ஏட்டில் ஏறும். மரத்தை நம்பியிருந்த குடும்பத்தின் நஷ்டம் எந்தப் பத்தியில் ஏறும்?

பெண்களின் கணக்கு இதனினும் கொடியது. கடலூர் மாவட்டத்தில் மாண்டவருள் ஆண்கள் 146, பெண்கள் 391 என்று ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்டது. ஆண்களுட் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அங்கே அலை அவர்களின் அடியிற் சென்றது. பெண்களோ கரையில் மீனுக்குக் காத்திருந்தனர். அல்லது குழந்தைகளுடன் வீட்டிலிருந்தனர். நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைக்கு மட்டுமே பழக்கியிருந்தோம். குழந்தையை விட்டு ஓடத் தாயின் மனமும் இடந்தரவில்லை. சேலையும் நீண்ட கூந்தலும் முட்செடிகளிற் சிக்கின. சிறுமியர்க்கு நீச்சல் கற்பிப்பது நாகரிகத்துக்குக் குறைவென்று இன்னும் எண்ணுவோர் இவ்வெண்களை ஒருமுறை படிக்கட்டும்.

காப்பாற்றியவற்றையும் பதிவு செய்தல் முறை. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன. வேதாரணியத்தை அடுத்த நாலுவேதபதி என்னும் ஊரார் 2002இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டிருந்தனர். அம்மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்து ஊருக்கு அரணாயின. செம்மை மனத்தோடு நட்ட கன்று இரண்டே ஆண்டில் உயிர் காத்தது.

சிங்கையின் கடன்

சிங்கப்பூர் அக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. அதன் ஆயுதப்படைகள் மூன்று கப்பல்களையும் ஹெலிகாப்டர்களையும் 1,000க்கு மேற்பட்ட ஆட்களையும் அனுப்பின. அச்சேயின் மெலாபோ நகருக்கு வழிகள் அறுந்துகிடந்த வேளையில் கடல்வழியே உணவும் மருந்தும் கொண்டுசென்றன. செஞ்சிலுவைச் சங்கத்தின் நிதிக்கு மக்கள் தந்தது 8 கோடி வெள்ளிக்கு மேல். 2007இல் ஹைதராபாதில் இந்தியாவின் எச்சரிக்கை நிலையம் தொடங்கியது; 2011 முதல் இந்துமாக்கடல் முழுவதற்குமான ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 2008இல் நன்யாங் பல்கலைக்கழகத்தில் நில ஆய்வு நிலையம் ஒன்று ஏற்பட்டுச் சுமத்திராவின் பவளப்பாறைகளிற் பதிந்துள்ள பழைய நடுக்கங்களைப் படித்துவருகின்றது. மென்மண் நிலத்தில் 20 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடங்கள் நடுக்கத்தைத் தாங்கவேண்டுமென 2013இல் வழிகாட்டியும் வெளியிடப்பட்டது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம் நேர்ந்தபோது, தமிழ்நாட்டுக் கரைக்கு எச்சரிக்கை சென்றது. மக்கள் கரையை விட்டு அகன்றனர். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. அலை வராததனால் எச்சரிக்கை பொய் என்று எண்ணுதல் பேதைமை. எட்டாண்டுக்கு முன் வராத தூது அன்று வந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

ஆனால், அரசாங்கத்தின் தூது குப்பத்தின் கடைசி வீட்டை அடைவதற்குள் எத்தனையோ படிகள் உள்ளன. அங்கேதான் நம்மைப் போன்றாரின் பணி இருக்கின்றது. இன்றும் ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கூடும் தொழிலாளருள் நாகை, கடலூர், இராமநாதபுரம் ஆகிய கரைகளைச் சேர்ந்தோர் பலர் உளர். ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கின்றது. 2004இல் ஒருவர் செய்ததை நாளை ஓராயிரவர் செய்யலாம். செய்யவேண்டுமென்பதை அறிந்திருந்தாற் போதும்.

ஆகவே நமது சங்கங்களும் பள்ளிகளும் ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாளன்று ஒரு சிறு காரியத்தைச் செய்யவேண்டுமென விரும்புகிறேன். விழா வேண்டாம், மாலையும் தலைமையுரையும் வேண்டாம். குழந்தைகளைக் கூட்டி நான்கு செய்திகளைக் கற்பித்தாற் போதும். கடற்கரையில் நில்லாத அளவு நிலம் நடுங்கினால், எச்சரிக்கைக்குக் காத்திராது மேட்டுக்கு ஓடுதல். கடல் திடீரென வற்றினாலும் பொங்கினாலும் வேடிக்கை பாராது விலகுதல். முதல் அலை போயிற்றென்று திரும்பாதிருத்தல். தொலைவில் நடுக்கம் நேர்ந்த செய்தி கேட்டால், கடலோரத்திலுள்ள உறவினருக்கு உடனே சொல்லி, அவர் ஊருக்குச் சொல்லும்படி செய்தல். இவற்றைக் கற்க ஒரு நாழிகைக்கு மேல் ஆகாது.

பூம்புகாரைக் கடல் கொண்ட கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்தவேண்டியதில்லை. அதன் இறுதியில் நல்லவாட்டின் கதையையும் சேர்த்துச் சொல்வோம்.